தோள் மூட்டு விளிம்புக் குருத்தெலும்புக் கிழிவு

தோள் மூட்டு விளிம்புக் குருத்தெலும்புக் கிழிவு என்பது தோள்குழியின் விளிம்பைச் சுற்றி வளையம் போல் அமைந்துள்ள நார்க் குருத்தெலும்பு கிழிவதாலோ எலும்பிலிருந்து பிரிவதாலோ ஏற்படும் பாதிப்பு ஆகும். இவ்வளையம் மருத்துவத்தில் லேப்ரம் என அழைக்கப்படுகின்றது. இது 'உதடு' எனப் பொருள்படும் இலத்தீன் சொல் ஆகும். தோள் விலகுதல், நீட்டிய கையை ஊன்றி விழுதல், தலைக்கு மேல் கையை உயர்த்திப் பலமுறை எறிதல், வயது முதிர்வால் ஏற்படும் தேய்மானம் ஆகியன இதற்கான முதன்மைக் காரணங்கள் ஆகும்.

இக்கிழிவுகள் அனைத்தும் ஒரே தன்மை உடையன அல்ல. தோள் விலகிய இளைஞர் ஒருவரின் தோள்குழியில் முன்பக்கம் ஏற்படும் கிழிவும், ஐம்பது வயதைக் கடந்த ஒருவரின் படிமத்தில் மேல்பக்கம் காணப்படும் கிழிவும் ஒரே பெயரால் குறிக்கப்பட்டாலும், அவற்றுக்கான மருத்துவம் வேறுபட்டது. முன்னதில் காலந்தாழ்த்தினால் எலும்பும் தேயக்கூடும். பின்னதில் அவசரப்பட்டுச் செய்யப்படும் அறுவை சிகிச்சை பயனின்றிப் போகக்கூடும்.

பெயர்க் குழப்பம்

தமிழ்ப் பேச்சு வழக்கில் மூட்டினுள் உள்ள மென்மையான பகுதிகள் எவை கிழிந்தாலும் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று கூறுவது வழக்கம். தோள் மூட்டைப் பொறுத்தவரை இச்சொல் குறைந்தது நான்கு வெவ்வேறு உறுப்புகளைக் குறிக்கக்கூடும்.

- விளிம்புக் குருத்தெலும்பு: தோள்குழியைச் சுற்றியுள்ள நார்க் குருத்தெலும்பு வளையம். இக்கட்டுரை இதனைப் பற்றியது.
- மூட்டுப் பரப்புக் குருத்தெலும்பு: எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான வெண்ணிறப் படலம். இது தேய்வது மூட்டுத் தேய்வு நோய் எனப்படும்.
- சுழற்சித் தசைகளின் தசைநாண்கள்: தோளைச் சுற்றியுள்ள நான்கு தசைகளை மேற்கை எலும்புடன் இணைப்பவை. நாற்பது வயதைக் கடந்தோருக்குத் தோள்வலி தருவதில் இவற்றின் பங்கு பெரிது.
- பிணைநார்கள்: எலும்பை எலும்புடன் பிணைக்கும் நார்கள்.

எனவே மருத்துவ அறிக்கையில் 'கிழிவு' எனக் கண்டால், எந்த உறுப்பு கிழிந்துள்ளது என்பதை முதலில் அறிந்து கொள்ளுதல் வேண்டும்.

அமைப்பும் செயற்பாடும்

தோள் மூட்டு ஒரு பந்துக் கிண்ண மூட்டு ஆகும். மேற்கை எலும்பின் உருண்டையான தலை பந்தாகவும், தோள்பட்டை எலும்பின் வெளிப்புறத்தில் உள்ள தோள்குழி கிண்ணமாகவும் அமைந்துள்ளன. ஆனால் இடுப்பு மூட்டைப் போல் இக்கிண்ணம் ஆழமானது அன்று. இது ஏறத்தாழத் தட்டையானது. பந்தைவிட மிகச் சிறியது. எந்த நிலையிலும் பந்தின் பரப்பில் ஏறத்தாழக் கால் முதல் மூன்றிலொரு பங்கு மட்டுமே குழியைத் தொட்டுக் கொண்டிருக்கும். கையை எல்லாத் திசைகளிலும் சுழற்ற முடிவது இவ்வமைப்பினால்தான். உடலின் பெரிய மூட்டுகளுள் மிக அதிகமாக விலகுவது தோள் மூட்டாக இருப்பதற்கும் இதுவே காரணம் ஆகும்.

விளிம்புக் குருத்தெலும்பு இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது. உருண்டை அடியுடைய பானையைத் தரையில் வைத்தால் உருண்டுவிடும். பிரிமணையின் மேல் வைத்தால் நிற்கும். அப்பிரிமணையைப் போன்றதே விளிம்புக் குருத்தெலும்பு. அதன் பணிகள் பின்வருமாறு:

- தோள்குழியின் ஆழத்தில் ஏறத்தாழப் பாதியை இவ்வளையமே தருகின்றது.
- பந்தைச் சுற்றிப் படிந்து மூட்டினுள் காற்றழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தம் நிலவ உதவுகின்றது. இதனால் பந்து குழியோடு உறிஞ்சிப் பிடிக்கப்படுகின்றது.
- மூட்டுறையும் பிணைநார்களும் தோள்குழியுடன் இணையும் இடமாக அமைகின்றது.
- இருதலைத் தசையின் நீண்ட தலைத் தசைநாண், தோள்குழியின் உச்சியிலும் விளிம்புக் குருத்தெலும்பின் மேற்பகுதியிலும் தொடங்குகின்றது.

வளையத்தின் வெளிப்பகுதிக்கு அருகிலுள்ள தமனிகளிலிருந்து சிறு குழாய்கள் வழியே குருதி கிடைக்கின்றது. உட்பகுதிக்குக் குருதியோட்டம் ஏறத்தாழ இல்லை. மேல்பக்கத்திலும் மேல்முன் பக்கத்திலும் குருதியோட்டம் பிற இடங்களைவிடக் குறைவு. இப்பகுதிகளில் ஏற்படும் கிழிவுகள் தாமாக எளிதில் ஆறாமைக்கு இது ஒரு காரணம் ஆகும்.

வளையத்தின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலருக்கு முன்மேல் பகுதியில் வளையத்திற்கும் எலும்புக்கும் இடையே இயற்கையாகவே ஒரு துளை இருக்கும். வேறு சிலருக்கு அப்பகுதியில் வளையமே இல்லாமல் தடித்த பிணைநார் மட்டும் காணப்படும். இது புஃபோர்டு அமைப்பு என அழைக்கப்படுகின்றது. இவை நோய் அல்ல. இவற்றைக் கிழிவு எனத் தவறாகக் கருதித் தைத்துவிட்டால் தோளின் சுழற்சி குறைந்துவிடும்.

வகைகள்

தோள்குழியைக் கடிகார முகப்பாகக் கருதி, கிழிவின் இடத்தை மணிக்கணக்கில் குறிப்பது வழக்கம். பன்னிரண்டு மணி என்பது உச்சியையும், ஆறு மணி என்பது அடியையும் குறிக்கும்.

முன்கீழ்க் கிழிவு (பாங்கார்ட் கிழிவு)

தோள் முன்பக்கமாக விலகும்போது, பந்து குழியின் முன்கீழ் விளிம்பை உரசி வெளியேறுகின்றது. அப்போது வளையம் அங்குள்ள பிணைநாருடன் சேர்ந்து எலும்பிலிருந்து பிய்ந்துவிடுகின்றது. சில வேளைகளில் குழியின் விளிம்பிலுள்ள எலும்புத் துண்டும் உடன் உடையும். இது எலும்புப் பாங்கார்ட் எனப்படும். வெளியேறிய பந்தின் பின்புறம் குழியின் கூரிய விளிம்பில் மோதி நசுங்குவதால் பந்தில் ஒரு பள்ளம் உண்டாகும். இப்பள்ளம் 1940 இல் இதனை விவரித்த கதிரியல் மருத்துவர்களின் பெயரால் ஹில்-சாக்ஸ் பள்ளம் எனப்படுகின்றது.

மேல்பக்கக் கிழிவு (ஸ்லாப் கிழிவு)

இருதலைத் தசைநாண் தொடங்கும் உச்சிப் பகுதியில் முன்னிருந்து பின்னாகச் செல்லும் கிழிவு இது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு 'ஸ்லாப்' என அழைக்கப்படுகின்றது. 1990 இல் வகுக்கப்பட்ட நான்கு அடிப்படை வகைகள்:

1. முதல் வகை: வளையத்தின் உள்விளிம்பு நைந்து பிசிறு விட்டிருக்கும். தசைநாண் உறுதியாக இருக்கும்.
2. இரண்டாம் வகை: வளையமும் தசைநாணின் அடியும் எலும்பிலிருந்து பிரிந்திருக்கும்.
3. மூன்றாம் வகை: வளையம் நீளவாக்கில் கிழிந்து, வாளியின் கைப்பிடி போல் மூட்டினுள் தொங்கும். தசைநாண் உறுதியாக இருக்கும்.
4. நான்காம் வகை: மூன்றாம் வகைக் கிழிவு தசைநாணுக்குள்ளும் நீண்டிருக்கும்.

பின்னர் இப்பட்டியலில் மேலும் பல வகைகள் சேர்க்கப்பட்டன. நடைமுறையில் பெரிதும் விவாதிக்கப்படுவது இரண்டாம் வகையே ஆகும்.

பின்பக்கக் கிழிவு

இது ஒப்பீட்டளவில் அரிது. கையை முன்னே நீட்டித் தள்ளும் விசை மீண்டும் மீண்டும் பின்னோக்கித் தாக்குவதால் ஏற்படும். அமெரிக்கக் காற்பந்தின் முன்வரிசை ஆட்டக்காரர்களிடமும், மல்லாந்து படுத்துப் பளு தூக்குவோரிடமும் காணப்படுகின்றது. வலிப்பு நோயாலும் மின்அதிர்ச்சியாலும் தோள் பின்பக்கமாக விலகும்போதும் இக்கிழிவு ஏற்படலாம்.

வரலாறு

தோள் விலகலும் அதனை மீண்டும் பொருத்தும் முறைகளும் பண்டைய கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே விவரிக்கப்பட்டுள்ளன. அடிக்கடி விலகும் தோளுக்கு அக்குளில் சூடு வைக்கும் முறையும் அவற்றில் கூறப்பட்டுள்ளது. விலகலின்போது குழியின் விளிம்பில் ஏற்படும் பிரிவினைப் பிரான்சில் புரோக்கா, ஆர்ட்மன் ஆகியோர் 1890 இல் விவரித்தனர். செருமானியரான கியோர்க் பெர்த்தெஸ் 1906 இல் அவ்விளிம்பை மீண்டும் எலும்புடன் பொருத்தும் அறுவையை வெளியிட்டார்.

இங்கிலாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆர்தர் சிட்னி பிளண்டெல் பாங்கார்ட் (1879–1951) 1923 இலும் 1938 இலும் வெளியிட்ட கட்டுரைகளில், தோள் மீண்டும் மீண்டும் விலகுவதற்கு விளிம்பு பிய்ந்திருப்பதே அடிப்படைக் காரணம் என வலியுறுத்தினார். அதுவரை மூட்டுறை தளர்ந்திருப்பதே காரணம் எனப் பலர் கருதி, அதனைச் சுருக்கித் தைத்து வந்தனர். 1954 இல் பிரான்சின் மிஷெல் லடார்ஜே, குழியின் முன்விளிம்பில் எலும்புத் துண்டு ஒன்றைப் பொருத்தும் முறையை அறிமுகப்படுத்தினார்.

மேல்பக்கக் கிழிவு அறியப்பட்டது மூட்டு உள்நோக்கிக் கருவி பரவலான பின்னரே ஆகும். 1985 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆண்ட்ரூசும் அவருடன் பணியாற்றியோரும், எறிதல் விளையாட்டு வீரர் 73 பேரிடம் இருதலைத் தசைநாணுக்கு அருகே காணப்பட்ட கிழிவுகளை விவரித்தனர். 1990 இல் ஸ்டீபன் ஸ்னைடர் குழுவினர் எழுநூறுக்கும் மேற்பட்ட மூட்டு உள்நோக்கல்களை ஆராய்ந்து, 27 பேரிடம் இக்கிழிவு இருந்ததைக் கண்டு, அதற்கு ஸ்லாப் எனப் பெயரிட்டனர். அதாவது, தோள் கோளாறுக்காக உள்நோக்கல் செய்யப்பட்டோரிலும் இது அன்று அரிதாகவே காணப்பட்டது.

காரணங்கள்

- தோள் விலகல்: தோள் விலகல்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை முன்பக்க விலகல்களே. கை உயர்ந்து வெளிப்புறம் திரும்பிய நிலையில் பின்னோக்கித் தள்ளப்படும்போது இது நிகழ்கின்றது.
- விழுதல்: நீட்டிய கையை ஊன்றி விழும்போது பந்து மேல்நோக்கி அழுத்தி மேல்விளிம்பைப் பிரிக்கலாம்.
- இழுப்பு: விழும்போது எதையேனும் பற்றித் தொங்குதல், பெரும் பளுவைத் திடீரெனத் தூக்குதல் ஆகியன தசைநாணை இழுத்துக் கிழிவை உண்டாக்கலாம்.
- எறிதல்: பேஸ்பால் வீரர் பந்தை எறியும்போது தோள் நொடிக்கு ஏறத்தாழ 7,000 பாகை வேகத்தில் சுழல்கின்றது. எறிவதற்காகக் கையைப் பின்னே வளைக்கும் நிலையில் தசைநாண் முறுக்கப்பட்டு, வளையத்தின் பின்மேல் பகுதியை எலும்பிலிருந்து உரிக்கின்றது. துடுப்பாட்டம், டென்னிஸ், கைப்பந்து, நீச்சல், ஈட்டி எறிதல் ஆகியவற்றிலும் தலைக்கு மேல் கையை இயக்கும் இத்தகைய அழுத்தம் உண்டு.
- தேய்மானம்: வயது கூடக்கூட வளையத்தின் மேற்பகுதி நைந்து போதல் இயல்பான மாற்றங்களுள் ஒன்று.

அறிகுறிகள்

முன்கீழ்க் கிழிவில் வலியைவிட நிலையின்மையே முதன்மையான அறிகுறி ஆகும். கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்பினால் தோள் நழுவிவிடும் என்ற அச்சம் தோன்றும். சிலருக்கு உறக்கத்தில் புரளும்போதோ சட்டை அணியும்போதோ கூடத் தோள் விலகும்.

மேல்பக்கக் கிழிவில் தோளின் ஆழத்தில், இடம் சுட்ட இயலாத வலி இருக்கும். தலைக்கு மேல் கை தூக்கும்போதும் எறியும்போதும் வலி கூடும். 'களுக்' என்ற ஒலி, சிக்கிக் கொள்வது போன்ற உணர்வு, எறியும் வேகம் குறைதல் ஆகியனவும் காணப்படலாம். பின்பக்கக் கிழிவில் கையை முன்னே நீட்டித் தள்ளும்போது வலி உண்டாகும்.

வலியில்லாமல் ஒலி மட்டும் கேட்பது பெரும்பாலும் நோயின் அறிகுறி அன்று.

நோய் அறிதல்

உடற் பரிசோதனை

தோள் எவ்வாறு அடிபட்டது, எத்தனை முறை விலகியது, எந்த அசைவில் வலிக்கின்றது ஆகிய கேள்விகளுக்கான விடைகளே நோய் அறிதலின் தொடக்கம் ஆகும். முன்பக்க நிலையின்மைக்கு அச்சச் சோதனை பயன்படுகின்றது. நோயாளியைப் படுக்க வைத்துக் கையை உயர்த்தி மெல்ல வெளிப்புறம் திருப்பும்போது தோள் நழுவும் என அவர் அஞ்சினால் இது நேர்நிலை எனக் கொள்ளப்படும். பந்தை முன்னிருந்து அழுத்தும்போது அவ்வச்சம் நீங்கினால் ஐயம் மேலும் உறுதிப்படும். மேல்பக்கக் கிழிவுக்கு ஓ'பிரையன் சோதனை உட்படப் பல சோதனைகள் உள்ளன. ஆனால் அவற்றுள் எதுவும் தனித்து நம்பத்தக்கது அன்று.

படிமங்கள்

எக்ஸ்-கதிர்ப் படத்தில் குருத்தெலும்பு தெரியாது. எனினும் எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் அறிய அதுவே முதற்படி ஆகும். பின்பக்க விலகல் நேர்ப்படத்தில் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும் என்பதால், வேறு கோணத்திலும் படம் எடுத்தல் இன்றியமையாதது. எலும்புத் தேய்வை அளக்கச் சி.டி. படிமம் சிறந்தது.

வளையத்தைக் காண எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படிமம் பயன்படுகின்றது. மூட்டினுள் நிறமூட்டி நீர்மத்தை ஊசி மூலம் செலுத்தி எடுக்கப்படும் படிமத்தில், நீர்மம் கிழிவினுள் புகுவதால் அது தெளிவாகத் தெரியும்.

படிமத்தை எவ்வாறு புரிந்து கொள்வது

2016 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தோளில் எவ்வித வலியும் இல்லாத 45 முதல் 60 வயது வரையிலான 53 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. அப்படிமங்களை இரு கதிரியல் மருத்துவர்கள் தனித்தனியே படித்தனர். மேல்பக்கக் கிழிவு இருப்பதாக ஒருவர் 55 விழுக்காட்டினருக்கும், மற்றவர் 72 விழுக்காட்டினருக்கும் தெரிவித்தனர்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, நடுவயதினரின் படிமத்தில் கிழிவு காணப்படுவது விதிவிலக்கு அன்று. இரண்டாவது, ஒரே படிமத்தைப் படிக்கும் வல்லுநர்களிடையே கூட வேறுபாடு உண்டு. ஆகவே, வலியுள்ள ஒருவரின் படிமத்தில் கிழிவு இருப்பதனால் மட்டும் அக்கிழிவே வலிக்குக் காரணம் என முடிவு செய்ய இயலாது. சுழற்சித் தசைநாண் பாதிப்பு, உறைந்த தோள், கழுத்து நரம்பு அழுத்தம் ஆகியனவும் அதே வலியைத் தரக்கூடியவை.

முதலுதவி

தோள் விலகியதாக ஐயம் ஏற்பட்டால், கையை உடலோடு சேர்த்துத் துணித்தொட்டிலில் தாங்கி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். பயிற்சியற்றோர் கையை இழுத்துப் பொருத்த முயலக் கூடாது. எலும்பு முறிவு உடன் இருந்தால் அது மோசமடையும். அக்குள் நரம்பும் குருதிக் குழாய்களும் சேதமடையலாம். தோளின் வெளிப்புறத் தோலில் உணர்ச்சி குன்றியிருந்தால் அதனை மருத்துவரிடம் தவறாமல் தெரிவித்தல் வேண்டும். நாற்பது வயதைக் கடந்தோருக்குத் தோள் விலகினால் சுழற்சித் தசைநாணும் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். மூட்டைப் பொருத்திய பின்னும் கையைத் தூக்க இயலாவிடில் அதற்கான சோதனைகள் தேவை.

அறுவையற்ற மருத்துவம்

மேல்பக்கக் கிழிவுகள் பெரும்பாலானவற்றுக்கு முதலில் மேற்கொள்ளப்படுவது இம்முறையே ஆகும். வலி தரும் அசைவுகளைச் சில காலம் தவிர்த்தல், வலி நீக்கி மருந்துகள், இயன்முறை மருத்துவம் ஆகியன இதில் அடங்கும். பயிற்சிகள் மூன்று நோக்கங்களைக் கொண்டவை: சுழற்சித் தசைகளை வலுப்படுத்துதல், தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்தும் தசைகளைச் சீராக்குதல், இறுகிய பின்பக்க மூட்டுறையைத் தளர்த்துதல். கிழிந்த வளையம் பயிற்சியால் ஒட்டிக் கொள்வதில்லை. எனினும், பந்தைக் குழியின் நடுவில் நிறுத்தும் பணியைத் தசைகள் ஏற்றுக் கொள்வதால் வலி குறைகின்றது. பொதுவாக மூன்று மாதங்களேனும் தொடர்ந்து பயிற்சி செய்த பின்னரே பயனை மதிப்பிடுதல் வேண்டும்.

முதல் முறை தோள் விலகியோருக்கு, மூட்டைப் பொருத்திய பின் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை கை தொட்டிலில் வைக்கப்படுகின்றது. சுவீடனில் ஓவேலியசு குழுவினர் நடத்திய நீண்டகால ஆய்வில், கையைச் சில வாரங்கள் கட்டி வைப்பதற்கும் உடனே அசைக்க விடுவதற்கும் இடையே மீள்விலகலில் வேறுபாடு காணப்படவில்லை. சப்பானில் எய்ஜி இத்தோய் குழுவினர், கையை வெளிப்புறம் திருப்பிய நிலையில் கட்டுவதால் மீள்விலகல் குறைவதாக 2007 இல் தெரிவித்தனர். பிற நாடுகளில் நடந்த பிற்கால ஆய்வுகள் பல இதனை உறுதி செய்யவில்லை.

அறுவை சிகிச்சை

இன்று பெரும்பாலான அறுவைகள் மூட்டு உள்நோக்கி வழியே செய்யப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள இரண்டு அல்லது மூன்று துளைகள் வழியாகப் படக்கருவியும் கருவிகளும் செலுத்தப்படுகின்றன.

- நைவு நீக்கம்: நைந்த பிசிறுகளையும் தொங்கும் துண்டையும் வெட்டி நீக்குதல். முதல், மூன்றாம் வகை ஸ்லாப் கிழிவுகளுக்கு ஏற்றது.
- விளிம்புப் பொருத்தல்: குழியின் விளிம்பைச் சுரண்டி, அதில் சிறு துளையிட்டு, நங்கூரம் எனப்படும் நூல் கோத்த முளையைப் பதித்து, வளையத்தை எலும்போடு கட்டுதல். நங்கூரங்கள் தொடக்கத்தில் உலோகத்தால் ஆனவை. பின்னர் உடலில் கரையும் பல்லுறுப்பியால் ஆனவையும், முழுவதும் நூலால் ஆனவையும் வந்தன.
- தசைநாண் இடமாற்றம்: இருதலைத் தசைநாணை வளையத்திலிருந்து துண்டித்து, மேற்கை எலும்பில் கீழே பொருத்துதல். இதனால் வளையத்தின் மீதான இழுப்பு நீங்குகின்றது.
- லடார்ஜே முறை: தோள்பட்டை எலும்பில் காக்கையின் அலகு போல் வளைந்துள்ள கோரக்காய்டு முனையைத் தசைநாணுடன் வெட்டி, குழியின் முன்விளிம்பில் திருகாணியால் பொருத்துதல். எலும்பு கணிசமாகத் தேய்ந்துள்ள தோள்களுக்கு ஏற்றது.

அறுவை யாருக்குத் தேவை

இளவயது, முன்பக்க விலகல்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் முதல் முறை தோள் விலகிய 15 முதல் 35 வயது வரையிலான 252 பேரைத் தொடர்ந்து கண்காணித்து, 2006 இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. அறுவை செய்யப்படாத அவர்களுள் 55.7 விழுக்காட்டினருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், 66.8 விழுக்காட்டினருக்கு ஐந்தாம் ஆண்டுக்குள்ளும் நிலையின்மை மீண்டது. வயது குறையக் குறைய இவ்வாய்ப்பு கூடியது.

ஒவ்வொரு விலகலும் குழியின் விளிம்பு எலும்பையும் பந்தையும் மேலும் தேய்க்கின்றது. இதன் விளைவை 2000 இல் ஸ்டீபன் பர்க்கார்ட், ஜோ டி பியர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. உள்நோக்கி வழி விளிம்புப் பொருத்தல் செய்யப்பட்ட 194 தோள்களில், பெரிய எலும்புக் குறைபாடு இல்லாதவற்றில் 4 விழுக்காடு மட்டுமே மீண்டும் நிலையிழந்தன. குறைபாடு உள்ளவற்றில் 67 விழுக்காடு நிலையிழந்தன. எனவே, பலமுறை விலகிய தோளுக்கு வளையத்தை மட்டும் தைப்பது போதாது. எலும்பின் அளவையும் முன்கூட்டியே அறிதல் வேண்டும்.

இதனால் முதல் விலகலுக்குப் பின் எல்லோருக்கும் அறுவை தேவை என்பது பொருள் அன்று. மேற்குறிப்பிட்ட சுவீடன் ஆய்வில், 12 முதல் 25 வயதுக்குள் தோள் விலகி, அறுவையின்றி மருத்துவம் பெற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு 25 ஆண்டுகளுக்குப் பின் தோள் மீண்டும் விலகாமலோ காலப்போக்கில் நிலைபெற்றோ இருந்தது. மோதல் விளையாட்டுகளில் ஈடுபடும் இளைஞர், உயரத்தில் நின்று பணிபுரிவோர் ஆகியோருக்கு அறுவை விரைவில் பரிந்துரைக்கப்படுகின்றது. பிறர் பயிற்சி செய்து, விலகல் மீள்கின்றதா எனப் பார்த்து முடிவு செய்யலாம்.

நடுவயது, மேல்பக்கக் கிழிவு

ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்லாப் பொருத்தல் அறுவைகளின் எண்ணிக்கை 2002 முதல் 2010 வரையிலான காலத்தில் ஐந்து மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. அரிதெனக் கருதப்பட்ட ஒரு கிழிவுக்கு இத்தனை அறுவைகள் ஏன் என்ற கேள்வி எழுந்தது.

இதற்கு விடை காண நார்வேயில் நடத்தப்பட்ட ஆய்வு 2017 இல் வெளியானது. இரண்டாம் வகைக் கிழிவுள்ள, சராசரியாக 40 வதுடைய 118 பேர் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 40 பேருக்கு விளிம்புப் பொருத்தலும், 39 பேருக்குத் தசைநாண் இடமாற்றமும் செய்யப்பட்டன. எஞ்சிய 39 பேருக்குத் துளையிட்டு உள்ளே பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்யாத போலி அறுவை செய்யப்பட்டது. யாருக்கு எது செய்யப்பட்டது என்பது நோயாளிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஆறு மாதங்களிலும் இரண்டு ஆண்டுகளிலும் மூன்று குழுவினரும் முன்னேறியிருந்தனர். குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பொருத்தல் செய்யப்பட்டவர்களுள் ஐவருக்கும், இடமாற்றம் செய்யப்பட்டவர்களுள் நால்வருக்கும் தோள் இறுக்கம் ஏற்பட்டது.

இம்முடிவு நிலையின்மை உள்ள தோள்களுக்குப் பொருந்தாது. பயிற்சியால் பயன் பெறாத நடுவயதினருக்கு அறுவை செய்ய நேர்ந்தால், வளையத்தைத் தைப்பதைவிடத் தசைநாணை இடமாற்றுவதையே இன்று பல மருத்துவர்கள் விரும்புகின்றனர். பிரான்சில் பாஸ்கல் புவாலோ குழுவினர் 2009 இல் வெளியிட்ட 25 பேர் கொண்ட சிறிய ஆய்வில், இடமாற்றம் செய்யப்பட்ட 15 பேரில் 13 பேரும், பொருத்தல் செய்யப்பட்ட 10 பேரில் இருவரும் மட்டுமே பழைய அளவில் விளையாட்டுக்குத் திரும்பினர். எனினும், இது குலுக்கல் முறையில் நடத்தப்பட்ட ஆய்வு அன்று.

அறுவைக்குப் பின்

வளையம் எலும்போடு ஒட்டுவதற்குக் காலம் தேவை என்பதால் பயிற்சிகள் படிப்படியாக அளிக்கப்படுகின்றன. கால அளவுகள் அறுவைக்கும் மருத்துவருக்கும் ஏற்ப மாறுபடும். பொதுவான வரிசை:

- முதல் 3 முதல் 6 வாரங்கள்: கை தொட்டிலில் இருக்கும். விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகளும், பிறர் உதவியுடன் வரம்புக்குட்பட்ட தோள் அசைவுகளும் மட்டும்.
- 6 முதல் 12 வாரங்கள்: நோயாளி தாமே கையை உயர்த்துதல், அசைவின் அளவைப் படிப்படியாகக் கூட்டுதல்.
- 3 மாதங்களுக்குப் பின்: தசை வலுவூட்டும் பயிற்சிகள்.
- 4 முதல் 6 மாதங்கள்: பெரும்பாலான விளையாட்டுகளுக்குத் திரும்புதல். எறிதல் வீரர்களுக்கு 9 முதல் 12 மாதங்கள் வரை ஆகலாம்.

வலி குறைந்துவிட்டதால் வளையம் ஒட்டிவிட்டது எனக் கருதி முன்னதாகவே பளு தூக்குவது பொருத்தல் பிரிவதற்கு வழிவகுக்கும்.

சிக்கல்கள்

தோள் இறுக்கம், மீள்விலகல், நோய்த்தொற்று, நரம்புச் சேதம், நங்கூரம் இடம்பெயர்தல் ஆகியன ஏற்படக்கூடிய சிக்கல்கள் ஆகும். 2000களில், அறுவைக்குப் பின் வலியைக் குறைக்க மூட்டினுள் குழாய் வைத்து, உணர்வகற்றி மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் முறை வழக்கில் இருந்தது. இவ்வாறு மருந்து பெற்ற இளவயதினர் சிலருக்கு மூட்டுப் பரப்புக் குருத்தெலும்பு முழுவதும் அழிந்தது. ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009 இல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

விளையாட்டு உலகில்

அமெரிக்கக் காற்பந்து வீரர் துரூ பிரீசுக்கு 2005 டிசம்பர் 31 அன்று நடந்த ஆட்டத்தில் எறியும் கையின் தோள் விலகி, விளிம்புக் குருத்தெலும்பு பெருமளவு கிழிந்தது. ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் அறுவை செய்தார். பிரீசு தொடர்ந்து விளையாடி, 2010 பிப்ரவரியில் நியூ ஓர்லியன்ஸ் அணிக்குச் சூப்பர் பௌல் வெற்றியைப் பெற்றுத் தந்தார். இந்தியத் துடுப்பாட்ட வீரர் சிரேயஸ் ஐயருக்கு 2021 மார்ச்சில் புனேயில் நடந்த போட்டியில் பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது இடத்தோள் விலகியது. ஏப்ரலில் அறுவை செய்து கொண்ட அவர் அவ்வாண்டு செப்டம்பரில் ஆட்டத்திற்குத் திரும்பினார். எனினும், எறியும் தோளில் ஸ்லாப் பொருத்தல் செய்து கொண்ட பேஸ்பால் எறிவாளர்கள் பலர் பழைய நிலையை அடையவில்லை.

மருத்துவரிடம் கேட்கத் தக்கவை

- கிழிவு எந்தப் பகுதியில் உள்ளது? அது இயற்கையான அமைப்பு வேறுபாடாக இருக்கக்கூடுமா?
- என் வலிக்கு அல்லது நிலையின்மைக்கு இக்கிழிவே காரணம் என்பது எதனால் உறுதியாகின்றது?
- தோள்குழியின் எலும்பு தேய்ந்துள்ளதா? எவ்வளவு?
- மூன்று மாதப் பயிற்சிக்குக் காத்திருப்பதால் இழப்பு ஏதும் உண்டா?

கடைசிக் கேள்விக்கான விடை, ஒருமுறையும் தோள் விலகாத நடுவயதினருக்குப் பெரும்பாலும் 'இல்லை' என்றே அமையும். பலமுறை தோள் விலகிய இளைஞருக்கு 'உண்டு' என அமையலாம்.

கலைச்சொற்கள்

- விளிம்புக் குருத்தெலும்பு – லேப்ரம்
- தோள்குழி – கிளினாய்டு
- மேற்கை எலும்பு – ஹியூமரஸ்
- தோள்பட்டை எலும்பு – ஸ்காபுலா
- இருதலைத் தசை – பைசெப்ஸ்
- சுழற்சித் தசைத் தொகுதி – ரொட்டேட்டர் கஃப்
- தசைநாண் – டெண்டன்
- பிணைநார் – லிகமெண்ட்
- மூட்டு உள்நோக்கி – ஆர்த்ரோஸ்கோப்
- நங்கூரம் – ஆங்கர்
- தசைநாண் இடமாற்றம் – டெனோடெசிஸ்

இவற்றையும் பார்க்கவும்

- தோள் மூட்டு
- மூட்டு விலகல்
- குருத்தெலும்பு
- உறைந்த தோள்
- இயன்முறை மருத்துவம்